உள்பெட்டியில் செவ்வாய்க்கிழமை

புதுக் கணினி வந்த மூன்றாம் நாள்
மேல்விஷாரத்திலிருந்து போன்.
"ஸ்கேனர் கண்ணு முன்னாடி இருக்குங்க,
கம்ப்யூட்டர்தான் இல்லவே இல்லைங்குது."
தோல் கம்பெனிக் கணக்கறை. பேசியது சஃபூரா.

சத்துவாச்சாரிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஸ்கூட்டரை எடுத்தேன்.
நெடுஞ்சாலைக்கு இடப்பக்கமாய்ப் பாலாறு
மணலாகவே கூட வந்தது.
தண்ணீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்;
டிரைவரில்லாத ஸ்கேனரையும்
அன்று பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பழுப்பேறிய கனத்த உடம்பு அதற்கு.
மூடியில் ஸ்டிக்கர் உரித்த தழும்பு.
"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே?"
முனீர் பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
சிக்கல் ஸ்கேனர் இல்லையாம்.
பதினாலு வருடத்து பில், கப்பல் சீட்டு,
கழிவுநீர்ச் சோதனைச் சான்று எல்லாம்
அந்த ஒரு மென்பொருளிடம் மட்டும்தான் வாய் திறக்கும்.
அதை எழுதிய கம்பெனியோ
எந்த வருடமோ விளக்கணைத்துவிட்டுப் போயாயிற்று.

முதலில் வழக்கமான சமாதானப் பேச்சு.
பழைய காலம்போல் நடி என்று கெஞ்சினேன்,
நிர்வாகியாக வந்து மிரட்டினேன்.
முப்பத்திரண்டு பிட் ஆளை
அறுபத்துநாலு வாசலிலேயே நிறுத்தியது.
இந்தக் கையெழுத்து செல்லாது என்றது
பத்திரப் பதிவு ஆபீஸ் தோரணையில்.
சரிபார்ப்பையே அணைத்துவிட்டு மறுபடி தட்டினேன்.
நீலத்திரை.
பிறகு கரண்ட் போனது. யூபிஎஸ் ஓயாமல் கத்தியது.
டீ வந்தது, ஆடை கட்டி ஆறியது.

நாலு மணிக்குத்தான் குறுக்கு வழிக்கு இறங்கினேன்.
புதுக் கணினிக்குள்ளே
இரும்பும் வயரும் இல்லாத ஒரு கணினியைக் கட்டி
அதில் பழைய சிஸ்டத்தைக் குடியேற்றினேன்.
அந்தத் தொடக்க இசை கேட்டதும்
அறையில் மூன்று தலைகள் திரும்பின.
திரையின் சின்னச் சதுரத்தில்
பச்சைப் புல்மேடு, மேலே கழுவிவிட்ட வானம்.
சுவர் ஜன்னலில்
சித்திரை வெயில் வறுத்தெடுக்கும் பாறைக்குன்று.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்த சஃபூரா
ஃபேனை ஒரு கட்டை கூட்டினாள்.

யூஎஸ்பி வயரை உள்பெட்டிக்கு ஒப்படைத்தேன்.
ஸ்கேனர் இருமியது, விளக்கெரிந்தது.
மென்பொருள் திறந்து
உரிமம் காலாவதி என்று மூடிக்கொண்டது.
விடுவேனா.
உள்பெட்டிக் கடிகாரத்தை மட்டும் பின்னால் தள்ளினேன்:
இரண்டாயிரத்துப் பதினொன்று,
மார்ச் எட்டு, செவ்வாய்.
நம்பிவிட்டது.

பச்சைக் கோடு ஒன்று முக்கி முனகி
கண்ணாடியின் அடியில் நகர்ந்தது.
மாஷா அல்லாஹ், என்றார் முனீர் பாய்.
சஃபூரா ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தின் மூலையைப் பெரிதாக்கிக் கொண்டிருந்தாள்.
மென்பொருள் தானாய்க் குத்திய முத்திரை: 08-03-2011.

"இது போன வாரத்து பில்லுங்க.
இந்தத் தோலு அப்ப ஆடாக்கூடப் பொறக்கல."

முத்திரையை நிறுத்தப் பார்த்தேன். அமைப்பில் இடமில்லை.
கடிகாரத்தை முன்னால் தள்ளினால் கதவு சாத்துகிறது.
பின்னால் தள்ளினால் பொய் எழுதுகிறது.
எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அவள் தாளை வெளியே எடுத்து
நெற்றியில் நீல மையால் இன்றைய தேதி எழுதி,
கீழே சுருக்கொப்பமிட்டு
மறுபடி கண்ணாடியில் கவிழ்த்தாள்.
"உள்ள அது எந்தக் கிழமைன்னு வேணா நெனச்சுக்கட்டும்."

மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டினேன்:
அப்டேட் கேட்டால் வேண்டாம் சொல்.
கடிகாரத்தைத் தொடாதே.
என் கூலிக்கு பில் எழுதி நீட்டினேன்.
சோதனைக்கு என்று அதையும் உள்ளே விட்டாள்,
பேனா எடுக்க மறந்து.

ஆக, கடை என்று ஒன்று எனக்கு இல்லாத
ஒரு செவ்வாய்க்கிழமையில்
ஆயிரத்து இருநூறு வாங்கியிருக்கிறேன்.
கையில் வந்தது ஆயிரத்து நூற்றைம்பது.
அந்தப் பேரம் மட்டும் இந்த வருடத்தது.